சென்னைச் சேலைக்கு எந்த வழி: கூரியரா, கார்கோவா, லைவ் அக்காவா?

ஆவணி பிறந்துவிட்டால் மலேசியாவில் எங்கள் வாட்சப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும். "சென்னையில ஒரு கடை பக்கத்துல சேலை பார்த்தேன், இங்க விக்கிற விலையில பாதிதான். ஆர்டர் போடலாமா? கலர் மாறி வந்தா என்ன பண்றது?" ஒருவர் "தாராளமா போடுங்க, எனக்குப் பத்தே நாள்ல வந்துச்சு" என்பார். இன்னொருவர் "போன தீபாவளிக்குப் போட்டது பொங்கலுக்குத்தான் வந்துச்சு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் கேட்டவர் குழம்பிப் போகிறார்.

நானும் பட்டவள்தான். மூன்று வருடத்துக்கு முன் சென்னைக் கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை வாங்கினேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றிய நிறம். கடைக்கு எழுதினேன். "அனுப்பிடுங்க மேடம், எங்க கைக்கு வந்ததும் செக் பண்ணி ரீஃபண்ட் போட்டுடுறோம்" என்று பதில் உடனே வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. சேலை விலை 230 வெள்ளி (ரிங்கிட்). அதைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பக் கூரியரில் கேட்ட கட்டணம் 160 வெள்ளி. அந்தச் சேலையை இப்போது என் அத்தை மகள் கட்டுகிறாள். அவள் நிறத்துக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

படத்துக்குக் கீழே போட்டிருக்கும் விலையை வைத்து எந்த வழியையும் எடை போட வேண்டாம். நான் பார்ப்பது நான்கு.

ஒன்று, வாசலுக்கு வந்து சேரும்போது ஆகும் மொத்தச் செலவு. கூரியர், வரி, வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் எல்லாம் இதில் அடக்கம்.

இரண்டு, பொருள் தப்பாக வந்தால் அது எந்த ஊர் வரைக்கும் திரும்பிப் போக வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்பது. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டால், கடை எழுதி வைத்திருக்கும் ரிட்டர்ன் பாலிசியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்று, தகராறு வரும் நேரத்தில் பணம் யார் கையில் இருக்கிறது. நான்கு, நாள் கணக்கு.

வரி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லா வழிக்கும் இது வேண்டும். மலேசியாவுக்கு விமானக் கூரியரில் வரும் பொருளின் மதிப்பு 500 வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதி வரி இல்லை. சிகரெட், மது போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்த 500-இல் பொருளின் விலையோடு கூரியரும் காப்பீடும் சேரும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 420 வெள்ளிச் சேலைக்கு 95 வெள்ளி கூரியர் என்றால் மொத்தம் 515. கோட்டைத் தாண்டியாயிற்று.

2024 ஜனவரி 1 முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. பன்னிரண்டு மாதத்தில் இப்படி 500,000 வெள்ளிக்கு மேல் இங்கே விற்பவர்கள் பதிவு செய்துகொண்டு இதை வசூலிக்க வேண்டும். அதனால் பெரிய தளங்களில் பணம் கட்டும் பக்கத்திலேயே இந்த 10 விழுக்காடு வந்து நிற்கும். தியாகராய நகர் சின்னக் கடையின் பில்லில் இருக்காது. 2025 ஜூலை 1-இல் விற்பனை வரியை விரிவாக்கியபோது பட்டுத் துணியும் 5 விழுக்காட்டுப் பட்டியலில் ஏறியது. காஞ்சிப் பட்டு வாங்குபவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பட்டு எதுவும் 500 வெள்ளிக்குள் அடங்காது.

## நேரடியாகக் கடையிலிருந்து, கூரியரில்

தேர்வு செய்ய இதைப் போல் வேறு வழி கிடையாது. கடையில் இருப்பதெல்லாம் உங்கள் கைப்பேசியில் இருக்கும். டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற கூரியர்களில் வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாசலில் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் அதிகம். முதலாவது எடை. கூரியர்காரர்கள் தராசு எடையோடு பெட்டியின் பருமனையும் கணக்குப் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது பரும எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40, 30, 20 அளவுள்ள பெட்டியில் பஞ்சு போல ஏதாவது இருந்தாலும் 4.8 கிலோ என்றுதான் பில் வரும். சேலை மடித்தால் அடங்கிவிடும், கவலை இல்லை. கொலு பொம்மை வாங்குபவர்கள்தான் இதில் அடிபடுவார்கள். பொம்மைக்கு உடையும் பயம் வேறு.

இரண்டாவது, வரி கட்ட வேண்டி வந்தால் கூரியர் நிறுவனம் உங்களுக்காக முன்கூட்டிக் கட்டிவிட்டு, அந்தச் சேவைக்கென்று தனியாக ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்கும். வேண்டாம் என்று மறுத்தால் பார்சல் திரும்பிப் போகும். போகிற செலவைக் கடை உங்கள் ரீஃபண்டில் கழிக்கும்.

மூன்றாவது நாணய மாற்று. பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா?" என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். ரிங்கிட் என்று போட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். ரீஃபண்ட் வரும்போதும் அன்றைய விகிதத்தில்தான் வரும், கட்டிய தொகை அப்படியே திரும்பாது.

பார்சல் காணாமல் போகும் கதைகளில் பாதி முகவரியில் தொடங்குகிறது. இந்தியாவில் பின்கோடு ஆறு இலக்கம், நமக்கு ஐந்து. சில கடைகளின் படிவம் ஆறு இலக்கம் இல்லாமல் நகரவே நகராது. நம் ஆட்கள் கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 50470-ஐ 504700 ஆக்கிவிடுகிறார்கள். 50 என்று தொடங்கும் பின்கோடுகள் தெலங்கானாவைச் சேர்ந்தவை! படிவம் ஐந்து இலக்கத்தை ஏற்கவில்லை என்றால் அந்தக் கடை மலேசியாவுக்கு அனுப்பிப் பழகியதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாட்சப்பில் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். கைப்பேசி எண்ணை 60 என்ற நாட்டு எண்ணோடு கொடுங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் புளோக், மாடி, வீட்டு எண் மூன்றையும் முதல் வரியிலேயே போட்டுவிடுவது நல்லது. நீளமான முகவரியின் வால் கூரியர் சீட்டில் வெட்டுப்பட்டுப் போகும்.

சில கடைகள் செலவைக் குறைக்க இந்தியத் தபாலில் அனுப்பும். அனுப்பட்டும், தப்பில்லை. இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று ஒரு எண் தருவார்கள். நாட்டுக்குள் வந்ததும் அதே எண்ணைப் போஸ் மலேசியா பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். பார்சல் தொலைந்தால் தபாலில் புகார் கொடுக்கும் உரிமை பொதுவாக அனுப்பியவருக்குத்தான். கடைக்காரர் மனது வைத்துப் போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தால்தான் உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "வரி வராம இருக்க கிஃப்ட்னு போட்டு, விலையைக் குறைச்சு எழுதிடுறோம் மேடம்" என்று கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்துச் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுங்கத்தில் பொய்க் கணக்குக் காட்டுவது குற்றம். அதோடு, பார்சல் தொலைந்தால் எழுதிக் கொடுத்த விலைக்குத்தான் ஈடு கிடைக்கும். 900 வெள்ளிப் பட்டுக்கு 80 வெள்ளி வாங்கிக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது?

கார்டில் கட்டுவதே இந்த வழியின் பெரிய பாதுகாப்பு. பொருள் வரவே இல்லை, அல்லது சொன்னதற்கு முற்றிலும் வேறாக வந்தது என்றால் உங்கள் வங்கியிடம் கட்டணத்தை எதிர்த்துப் புகார் கொடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்டில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை இடமுண்டு. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். வாட்சப் கடைகள் "சென்னையில சொந்தக்காரங்க யாராவது ஜிபே பண்ணிடுவாங்களா?" என்று கேட்கும். ஜிபேயில் போன பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ரவிக்கை தைத்துத் தரச் சொன்னாலோ, ஃபால்ஸ் அடித்துப் பீக்கோ போடச் சொன்னாலோ ரிட்டர்னை மறந்துவிடுங்கள். எந்தக் கடையும் எடுக்காது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

## ஷோப்பி, லஸாடாவில் வெளிநாட்டு விற்பனையாளர்

பணம் உடனே விற்பவர் கைக்குப் போகாமல் தளத்தின் கையில் நிற்கும் என்பது இதன் பலம். ஷோப்பியில் நீங்கள் "கிடைத்துவிட்டது" பட்டனை அழுத்தினாலோ, உறுதிக் காலம் முடிந்தாலோதான் பணம் விற்பவருக்குப் போகும். ஆகவே பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். பட்டனை அழுத்தினால் காயின் தருகிறோம் என்று ஆசை காட்டும், அசையாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

ரிட்டர்னும் பெரும்பாலும் உள்ளூர் முகவரிக்குத்தான் போகும், கடல் தாண்ட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கைப்பேசி உறை, விளக்குத் தோரணம், குழந்தைகளின் கவரிங் நகை மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு நான் வேறு வழி தேடுவதில்லை. சேலைக்கு மட்டும் போகமாட்டேன். அங்கே "காஞ்சிப் பட்டு" என்று வருவதைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஜரிகை நகத்தோடு வரும்.

பார்சலுக்காகக் காத்திருக்கும் நாள்களில் "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 2 வெள்ளி சொச்சம் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தியில் லிங்க் வரும். நீங்கள் காத்திருப்பதால் நம்பத் தோன்றும். அந்த லிங்க்கைத் தொடாமல், உங்களிடம் இருக்கும் எண்ணைக் கூரியரின் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே வங்கிக்கும், இணைய மோசடிப் புகாருக்கான 997-க்கும் அழையுங்கள்.

## கார்கோ முகவர்

சென்னையில் ஒரு முகவரி தருவார்கள். நான்கு கடையில் வாங்குவதை அங்கே அனுப்பினால், ஒன்றாகக் கட்டிக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து கிலோ கணக்கில் பணம் வாங்கிக்கொள்வார்கள். கப்பலில் என்றால் போர்ட் கிள்ளான் வழியாக வாரக் கணக்கில் ஆகும், ஆனால் வெண்கலக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, கல்யாணச் சீர்வரிசை மாதிரிக் கனமான சாமான்களுக்கு இதுதான் கட்டும்.

"வரியெல்லாம் சேர்த்துத்தான் விலை" என்று சிலர் சொல்வார்கள். காதுக்கு இனிமைதான். உங்கள் பெயரில் சுங்கக் காகிதம் ஏதும் இருக்குமா என்று கேளுங்கள். பல நேரம் இருக்காது. பெட்டி தொலைந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரு வாட்சப் உரையாடல் மட்டும். கிலோவுக்கு இவ்வளவு ஈடு என்று அவர்கள் விதி வைத்திருந்தால், பட்டுச் சேலையும் பழைய பேப்பரும் ஒரே விலைதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. சில முகவர்கள் பெட்டியைப் பிரித்துப் படமெடுத்து அனுப்புவார்கள். கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். நிறம் தப்பு என்றால் சேலை இன்னும் சென்னையிலேயே இருக்கிறது, உள்ளூர்க் கூரியரில் கடைக்குத் திரும்பிவிடும்.

## ஊரில் சொந்தம், பெட்டியில் இடம்

அந்த யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் என் மனதுக்குப் பிடித்த வழி வரும். ஆர்டரை என் சித்தி வீட்டு முகவரிக்குப் போடுவேன். சித்தி வாசல் வெளிச்சத்தில் சேலையைப் பிரித்து வீடியோ காலில் காட்டுவார். "இது நீ கேட்ட கலர் இல்லடி, வெச்சுக்கவா திருப்பவா?" திருப்புவது என்றால் வீட்டுக்கே ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். இந்தியாவுக்குள் வாங்கியது என்பதால் அந்த நாட்டு ரிட்டர்ன் விதிகள் அப்படியே பொருந்தும். தேறியவை மட்டும், அடுத்து யார் வருகிறார்களோ அவர்கள் பெட்டியில் ஏறும். சென்னைக்கும் திருச்சிக்கும் நம்மிடமிருந்து நேரடி விமானங்கள் இருப்பதால் யாராவது ஒருவர் வந்துகொண்டேதான் இருப்பார்.

செலவு வேறு மாதிரி வரும். "ரெண்டே சேலை" என்று தொடங்கி ஐந்து கிலோவில் போய் நிற்பீர்கள். கொண்டுவருபவர் உறவு முறையில் பெரியவராக இருந்தால் அந்த நன்றிக்கடன் லேசில் தீராது. பெட்டியில் இருப்பதற்குச் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், ஆகவே பில்லை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். வியாபார அளவுக்கு யாரையும் சுமக்க வைக்காதீர்கள்.

## லைவ் போடும் அக்கா, மஸ்ஜித் இந்தியா கடை

விலை கூடத்தான். ஆனால் கூரியர், வரி, நிறம் மாறும் ஆபத்து எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒருவர் சுமந்து முடித்த விலை அது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணியைத் தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கலாம்.

ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் லைவ் போட்டு விற்கும் நம்மூர் அக்காமார் நடுவில் நிற்பவர்கள். "பிரீ ஆர்டர்" என்றால் சரக்கு இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை டூயிட்நவ்வில், அதாவது வங்கிக் கணக்குக்கு நேராக, அனுப்பினால் கார்டு மாதிரி எதிர்த்துப் பேச வழி கிடையாது. ஆனால் விற்பவர் மலேசியாவில் இருக்கிறார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடம் வரை நேரமுண்டு. அதற்கு அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். தொழிலைப் பதிவு செய்திருக்கிறாரா என்பதை முதல் சேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சென்னைக் கடைமீது இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அதைக் கொண்டுபோய் நிறைவேற்றுவது நடக்கிற காரியமில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | மறைந்த செலவு | ரிட்டர்ன் போகும் இடம் | தகராறில் உங்கள் பிடி |
|---|---|---|---|
| கடை நேரடி கூரியர் | பரும எடை, வரி, கூரியரின் சேவைக் கட்டணம் | சென்னை, பெரும்பாலும் உங்கள் செலவில் | கார்டு, பேபால் |
| ஷோப்பி, லஸாடா | 10 விழுக்காடு வரி, தரம் | பெரும்பாலும் உள்நாடு | தளம் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் |
| கார்கோ முகவர் | காகிதம் இல்லாத ஆபத்து | புறப்படும் முன் என்றால் சென்னைக்குள்ளேயே | மிகக் குறைவு |
| சித்தி வீடு, ஆள் கையில் | நன்றிக்கடன், காத்திருப்பு | இந்தியாவுக்குள் | இந்திய விதிகள் |
| உள்ளூர்க் கடை, லைவ் | கூடுதல் விலை | நம்மூர் | தீர்ப்பாயம் |

## சேலை இல்லாத மற்ற சாமான்கள்

வெட் கிரைண்டர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கோயம்புத்தூர் கிரைண்டரை அங்கிருந்து நேரடியாக வாங்காதீர்கள். மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக் ஒத்துப்போகாது. அங்கே உருண்டை முள், இங்கே சதுர முள். கல்லின் எடைக்குக் கூரியர் கொடுத்து மாளாது. ஆறு மாதத்தில் மோட்டார் நின்றால் வாரண்டி அட்டையோடு கோயம்புத்தூருக்கா போவீர்கள்? இதற்கு உள்ளூர்க் கடை மட்டும்தான்.

சித்த மருந்து, லேகியம் இரண்டிலும் கவனம். இங்கே விற்க அனுமதி பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். இணையத்தில் மொத்தமாக வரவழைத்தால் சுங்கத்திலேயே நின்றுபோகலாம், அப்படி நின்றதற்குக் கடை ரீஃபண்ட் தராது. விதை, செடிக்கும் அனுமதி வேண்டும், கறிவேப்பிலைக் கன்று ஆசையை இங்குள்ள நர்சரியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் புத்தகம் வாங்குவதற்கு நான் யோசிப்பதே இல்லை. நிறம் மாறாது, அளவு தப்பாது. நான்கைந்தாகச் சேர்த்துத் தபாலில் போடச் சொன்னால் போதும். மூலை மடங்கி வந்தாலும் படிக்கலாம்.

## நாள் கணக்கு

தீபாவளி நெருங்க நெருங்க இந்தியக் கடை, கூரியர், சுங்கம் மூன்று இடத்திலும் கூட்டம். இங்கே யாரும் கணக்கில் எடுக்காத நான்காவது ஆள் தையற்காரர். எங்கள் தையற்கார அக்கா தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ரவிக்கைத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார், கெஞ்சினாலும் நடக்காது. அதற்கும் ஒரு மாதம் முன்பு ஆர்டர் போட்டிருக்காவிட்டால் நான் சென்னைக் கடைகளின் பக்கத்தைத் திறப்பதில்லை. சனிக்கிழமை காலையில் எல்ஆர்டி ரயில் ஏறி, மஸ்ஜித் இந்தியா கடைகளுக்கு மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கிவிடுவேன்.